குருகுலத்துத் தோட்டமும் காங்கயத்துக் கொறங்காடும்

திருப்பூரிலும் கோவையிலும் தொழில் செய்து காலூன்றியவர்களிடம் அண்மைக் காலமாக ஓர் ஆசையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "ஊர்ல நாலு ஏக்கர் சும்மா கெடக்குதுங்க. மரம் வெச்சு, குருவிகளுக்குன்னே விட்டுடலாம்னு இருக்கேன்" என்கிறார்கள். பேச்சோடு நிற்பதில்லை. போர்வெல் போடுகிறார்கள், சொட்டுநீர்க் குழாய் இழுக்கிறார்கள், நாற்றுப்பண்ணைகளில் தேடித்தேடி நூறு வகைச் செடி வாங்கி நடுகிறார்கள், கம்பிவேலி போட்டு ஆளும் வைக்கிறார்கள். தாவரத் தோட்டமாகவும் பறவைச் சரணாலயமாகவும் இருக்கும் ஒரு சொந்த நிலம் என்பது அவர்கள் கனவு. நல்ல கனவு. அந்த நாலு ஏக்கர் எதைப் பார்த்து உருவாகிறது என்பதில்தான் என் கவலை.

அந்தக் கனவு முழுதாகப் பலித்த ஓர் இடம் நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. வயநாட்டில், மானந்தவாடிக்கு அப்பால் பெரியா என்ற ஊரில் உள்ள குருகுலத் தாவரச் சரணாலயம். இன்னொன்று நம் காலடியிலேயே கிடக்கிறது. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கமெல்லாம் பரவியிருக்கும் கொறங்காடு. முதலாவது, அழியும் செடிகளைக் காப்பதற்காக மனம் வைத்து உண்டாக்கப்பட்டது. இரண்டாவது, மாடு மேய்ப்பதற்காகக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது. அதைச் சரணாலயம் என்று யாரும் சொல்வதில்லை, வைத்திருப்பவர்களும் சொல்வதில்லை. இரண்டும் அரசு நிலம் அல்ல. இரண்டும் மனிதக் கையால் பேணப்படுபவை. இரண்டிலும் பறவைகள் அரசாணை எதுவும் இல்லாமலேயே வாழ்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாலு ஏக்கர்காரர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது தெரியும்.

முதலில் மழை. பெரியா மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து முதலில் முட்டும் உயரம் அது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும். காங்கயத்துக்குக் கிடைப்பது சுமார் 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் வருவது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். ஈரத்தை அது மலைக்கு அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. பல்லடத்துக்கும் உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் இடையே காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது இதனால்தான். ஒரே காற்று ஓரிடத்தில் காட்டை வளர்க்கிறது, இன்னோரிடத்தில் மண்ணை உலர்த்துகிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுப்பப்படும் எந்தத் தோட்டமும் போர்வெல்லை நம்பித்தான் நிற்கும்.

குருகுலத்தின் கதை தமிழ் வாசகர்களுக்கு ஒரு வகையில் பழக்கமான மரபிலிருந்து தொடங்குகிறது. நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923இல் நிறுவிய நாராயண குருகுலம், நீலகிரியில் ஃபெர்ன்ஹில்லில் இருக்கிறது. நித்ய சைதன்ய யதி வழியாக இங்கே பலருக்கும் அது அறிமுகம். அந்த மரபைத் தேடி ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் வுல்ஃப்காங் தொயர்காஃப். அவர் 1981இல் பெரியாவில் குருகுலத்தின் சிறு நிலத்தில் இந்தத் தோட்டத்தைத் தொடங்கினார். தாவரவியல் பட்டம் பெற்று வந்தவர் அல்லர். சுற்றிலும் காடு வெட்டப்பட்டுத் தோட்டப்பயிராக மாறிக்கொண்டிருந்தபோது, அங்கே அழிந்துகொண்டிருந்த செடிகளை எடுத்து வந்து தன் இடத்தில் வாழவைத்தார். மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட், பெரணி, பாசி, காட்டுக் காசித்தும்பை வகைகள் என்று, வெட்டுமரக் கணக்கில் சேராத சின்னஞ்சிறு செடிகள்தாம் அவருக்கு முக்கியமாகப் பட்டன. இன்று அந்த நிலம் ஐம்பது ஏக்கருக்கும் மேல் விரிந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் 2,000க்கும் மேற்பட்ட தாவர இனங்களுக்கு இருப்பிடமாக இருக்கிறது. 2014இல் அவர் காலமானார். அங்கே நீண்ட காலமாகப் பணியாற்றிவரும் சுப்ரபா சேஷன் 2006இல் இங்கிலாந்தின் விட்லி விருதைப் பெற்றார்.

அங்கே நடப்பதில் நான் மிகவும் மதிப்பது அதன் முறையை. சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களே அங்கே தோட்டக்காரர்கள். எந்தப் பாசி எந்தப் பட்டையில் பிடிக்கும், எந்தக் காசித்தும்பை எந்த ஈரத்தில் விதை விடும் என்பதைக் கையால் தெரிந்து வைத்திருப்பவர்கள். அழியும் இனத்தைக் கையருகே வைத்துப் பெருக்குவது ஒரு வேலை. முன்பு பயிருக்காகத் திருத்தப்பட்டுக் கைவிடப்பட்ட நிலத்தில் காடு தானாகத் திரும்பி வர வழிவிடுவது இன்னொரு வேலை. அந்நியக் களைகளை அகற்றுவார்கள், அவசியமான இடத்தில் மட்டும் நடுவார்கள், மற்றதை மழைக்கும் பறவைக்கும் விட்டுவிடுவார்கள். பறவை அங்கே வெறும் விருந்தாளி அல்ல. வயநாட்டுக் காடுகளின் சாம்பல் இருவாட்சியும் குக்குறுவானும் பழம் தின்று போடும் எச்சத்தில்தான் அடுத்த தலைமுறை மரங்கள் முளைக்கின்றன. தேன்சிட்டுகள் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகின்றன. செடியைக் காக்கப் போய்ப் பறவைக்கு வீடு கிடைத்தது. பறவை வந்ததால் செடி தானே பரவக் கற்றது. பக்கத்திலேயே இயற்கைக் காடும் இருக்கிறது. விதையும் பறவையும் அங்கிருந்து வருகின்றன. இந்த அண்டைவீட்டுக் காடு இல்லாமல் குருகுலம் குருகுலமாக ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது கொறங்காட்டுக்கு வருவோம். கோவைக்காரர்களிலேயே பலர் அதைக் கடந்து போயிருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இரு பக்கமும் முள்வேலிக்குள் பழுப்பாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்து, "ஒண்ணும் வெளையாத பூமி" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிப் போய்விடுவோம். அந்த நிலத்தின் அமைப்பு மிக எளியது. கீழே கொழுக்கட்டைப் புல். மேலே இடைவெளி விட்டு வெள்வேல மரங்கள். சுற்றிலும் கிளுவை வேலி. சரளை கலந்த செம்மண்ணுக்கும் அந்தச் சொற்ப மழைக்கும் இந்த மூன்றும் கச்சிதமாகப் பொருந்தியவை.

கொழுக்கட்டைப் புல் ஆழ வேர்விடும் பல்லாண்டுப் புல். கோடையில் காய்ந்து சருகாகி நின்றாலும் அடித்தூர் சாகாது. ஒரு மழை விழுந்தால் சில நாட்களில் பச்சை எடுத்துவிடும். காய்ந்து நிற்கும் புல்லும் மாட்டுக்குத் தீனிதான். வெள்வேலம் தன் நிழலில் புல்லைச் சாகவிடாத மரம். இலை சிறிது, கிளை அகலம், வெயில் சல்லடை போல் வடிந்து கீழே இறங்கும். புல் தீர்ந்துபோன கோடையில் அதன் நெத்து உதிரும். ஆடுகளுக்கு அதுதான் அந்த மாதங்களின் உணவு. கிளுவை போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் முள் பின்னி, ஆள் நுழைய முடியாத சுவர் ஆகிவிடும். இந்த வேலி இருப்பதால்தான் மாட்டைக் காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு, மேய்ப்பவர் வேறு வேலைக்குப் போகலாம். நிலத்தைப் பல காடுகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறவிடுவார்கள். மழை பெய்த கையோடு மாட்டை விடமாட்டார்கள். புல் வளர்ந்து விதை உதிர்க்கட்டும் என்று பூட்டி வைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து மண்ணைப் புதுப்பிப்பதும் உண்டு. காங்கயம் காளையின் கால்வலுவும் திமிலும் இந்தப் புல்லில் விளைந்தவை என்று ஊர் நம்புகிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பெருக்கிப் பேர் பெற்றதற்குப் பின்னாலும் இந்த மேய்ச்சல் நிலம்தான் இருந்தது.

இங்கே தாவரவியல் பார்வையோடு வருபவர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு புல், ஒரு மரம், ஒரு வேலிச்செடி; இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். வேலியை நெருங்கிப் பார்த்தால் எண்ணம் மாறும். கிளுவையின் மேல் பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் ஏறியிருக்கும். முசுமுசுக்கை, தூதுவளை, ஆதண்டை, சூரை, இலந்தை எல்லாம் அந்த முள்ளுக்குள் ஆடு வாய்வைக்க முடியாத இடத்தில் தப்பிப் பிழைத்திருக்கும். வயலில் களையென்று பிடுங்கப்பட்டவை, சாலை அகலப்படுத்தும்போது அழிந்தவை எல்லாம் வேலிக்குள் அடைக்கலம் புகுந்திருக்கின்றன. பெரியாவில் தொயர்காஃப் கையால் எடுத்துக் காத்தார். இங்கே முள் காக்கிறது. கொங்கு நாட்டின் சொந்தத் தாவரத் தொகுப்பை எங்கே பார்க்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், கோவை வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள் என்று சொல்வதற்கு முன்னால், நூறு வயதான ஒரு கிளுவை வேலியைக் கைகாட்டுவேன். பூங்காவில் உலகத்துச் செடிகள் இருக்கின்றன. வேலியில் இந்த மண்ணின் செடிகள் இருக்கின்றன.

பறவைகளைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. குருகுலத்தைச் சுற்றிய காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை உயரத்தில் வாழ்பவை. பழம், தேன், பட்டைக்குள் இருக்கும் புழு, இலைக்கடியில் இருக்கும் பூச்சி என்று அவற்றின் உணவு மரத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது. கொறங்காட்டுப் பறவைகளின் வாழ்க்கை தரையில். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி வெட்டவெளியில் சரளைக்கு நடுவே முட்டையிடும். கூடு என்று எதுவும் இருக்காது, முட்டையின் புள்ளிகளே அதற்குப் பாதுகாப்பு. சாம்பல்தலை வானம்பாடி தரையில் ஒரு சின்னப் பள்ளம் பறித்து அதில் அடைகாக்கும். கௌதாரியும் காடையும் புல்லுக்குள் குஞ்சுகளை நடத்திப் போகும். இவற்றுக்கெல்லாம் மேலே பறக்கும் எதிரியை முன்கூட்டியே பார்க்கத் திறந்த வெளி வேண்டும். அடர்ந்த மரக்கூட்டம் இவற்றுக்கு அச்சம் தரும் இடம். காகமும் வல்லூறும் அமர்ந்து பார்க்க ஒவ்வொரு மரமும் ஒரு பரண் ஆகிவிடும்.

மாடு வந்து நின்றதும் இந்த நிலத்தின் உணவுச் சங்கிலி இன்னும் நீள்கிறது. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் தெறிக்கும்; உண்ணிக்கொக்கும் கரிச்சானும் அதற்காகவே கூடவே வரும். சாணத்தில் வண்டு வரும். வண்டைத் தேடிப் பனங்காடையும் கொண்டலாத்தியும் வரும். கீச்சான் பிடித்த ஓணானையும் பூச்சியையும் முள்ளில் குத்திவைத்து நிதானமாகத் தின்னும். வெள்வேலமும் கிளுவையும் அதற்குச் சமையல்கட்டு. வடகிழக்குப் பருவம் தொடங்கும் நேரத்தில் பூனைப்பருந்துகள் வந்து சேரும். கஜகஸ்தான் முதலிய மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவைகள் அவை. புல்லுக்கு ஓர் ஆள் உயரத்தில் இறக்கையை விரித்து மிதந்தபடி வெட்டுக்கிளியும் சிறு பறவையும் பிடிக்கும். இரவில் மரத்தில் அடையாது, புல்லுக்குள்ளேயே தரையில் அடையும். கண்டம் தாண்டி வரும் இந்த வேட்டைப் பறவைக்கு நாம் கொடுக்க வேண்டியது மேயாமல் விட்ட புல் ஒன்றுதான்.

நாலு ஏக்கர்காரரிடம் நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. அவர் மனத்தில் இருப்பது பெரியாவின் காடு. கையில் இருப்பது காங்கயத்தின் மண். குழி வெட்டி, எரு கொட்டி, ஓரடிக்கு ஒரு மரம் என்று நெருக்கி நடும் மியாவாக்கிக் காடு இப்போது ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அந்த முறையைத் தந்த ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி, அந்தந்த இடத்தில் இயற்கையாக என்ன வளருமோ அதையே நடச் சொன்னவர். இங்கே அந்த முதல் நிபந்தனையை விட்டுவிட்டு நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கொறங்காட்டில் நெருக்கமாக மரம் நட்டால் மூன்று ஆண்டில் நிழல் மூடும். நிழலில் கொழுக்கட்டைப் புல் சாகும். புல் போனால் வெட்டுக்கிளி போகும், வானம்பாடி போகும், ஆள்காட்டி இடம் மாறும், பூனைப்பருந்து மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு வேறிடம் பார்க்கும். பதிலுக்குக் கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் குயிலும் வரும். அவையும் அழகான பறவைகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் கோவை நகரத்து எந்த வீட்டுத் தோட்டத்திலும் அவை இருக்கின்றன. எங்கும் வாழும் பறவைக்கு இடம் கொடுப்பதற்காக வேறெங்கும் வாழ முடியாத பறவையின் இடத்தை எடுத்துக்கொள்கிறோம். அதை நல்லெண்ணத்தோடு செய்கிறோம் என்பதால் அந்த இழப்பு குறைந்துவிடாது.

திறந்த புல்வெளிப் பறவைக்கு என்ன நேரும் என்பதற்குக் கானமயில் ஒரு சாட்சி. ஒரு காலத்தில் தமிழகத்து வறண்ட வெளிகளிலும் நடந்த பறவை அது. இன்று நாட்டிலேயே பெரும்பாலும் ராஜஸ்தான் பாலைநிலத்தில் ஒடுங்கிவிட்டது. வேட்டை ஒரு காரணம். புல்வெளியைப் பயனற்ற நிலம் என்று எழுதிவைத்த கணக்கும் ஒரு காரணம். இந்தியாவின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் மண்டிய நிலமும் திறந்த மேட்டுநிலமும் தரிசு வகையில்தான் வருகின்றன. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்துக்குச் சூரிய மின்தகடு வந்தால் யார் தடுப்பார்கள்? காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகள் சூரியமின் நிலையங்களாகவும் மனைகளாகவும் மாறிவருவதைப் போகிற வழியிலேயே காணலாம். கிளுவை வேலியை இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கி முள்கம்பி போடுகிறார்கள். வேலி போன அன்றே அதற்குள் இருந்த பாதித் தாவரத் தொகுப்பும் போய்விடுகிறது.

யார் உழைப்பில், யார் பணத்தில் இவை நிற்கின்றன என்பதையும் ஒப்பிட வேண்டும். குருகுலம் நன்கொடையிலும் கல்விப் பணியிலும், வாழ்நாளை அதற்கே கொடுத்த சிலருடைய அன்பிலும் நிற்கிறது. அந்த அன்பு மிகப் பெரியது. அதனாலேயே அது அரிது. ஒரு வட்டத்துக்கு ஒரு தொயர்காஃப் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கொறங்காடு அன்பை நம்பவில்லை. மாட்டுக்குப் புல் வேண்டும் என்ற அன்றாடத் தேவையை நம்பி நின்றது. பேரைக்கூட வெளியில் தெரியாத பல ஆயிரம் குடும்பங்கள், நாலு ஏக்கரும் பத்து ஏக்கருமாக, பல பத்தாயிரம் ஏக்கர் புல்வெளியை எந்தத் திட்டமும் இல்லாமல் காத்திருக்கின்றன. எந்தப் பறவைகள் சரணாலயமும் கொங்கு நாட்டில் இவ்வளவு பரப்பில் இல்லை. வெள்ளோடு பறவைகள் சரணாலயம் சுமார் 77 எக்டேர். திருப்பூரின் நஞ்சராயன் குளம் சுமார் 126 எக்டேர்.

அந்தத் தேவைதான் இன்று குறைந்துகொண்டே வருகிறது. உழவுக்கும் வண்டிக்கும் காளை வேண்டியிருந்த காலத்தில் கொறங்காடு குடும்பத்தின் மூலதனம். டிராக்டர் வந்தது, லாரி வந்தது. பாலுக்குக் கலப்பின மாடு வந்தது. அது தொழுவத்திலேயே கட்டிவைத்துத் தீவனம் போடும் மாடு. பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கும் ஐ.டி. வேலைக்கும் போனார்கள். பாகப்பிரிவினையில் காடு துண்டாகிறது. துண்டான காட்டில் சுழற்சி மேய்ச்சல் நடத்த முடியாது. மேயவும் இல்லாமல், உழவும் இல்லாமல் கிடந்தால் சீமைக்கருவேலம் ஏறிவிடும். குருகுலத்தின் ஆபத்து அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதர்கள் ஓய்ந்துவிடுவது. கொறங்காட்டின் ஆபத்து அதை வைத்திருப்பவருக்கு அது தேவையில்லாமல் போவது. இரண்டாவது ஆபத்து எனக்கு அதிகம் அச்சம் தருகிறது. ஒரு தோட்டம் கைவிடப்பட்டால் உலகம் கேள்விப்படும். ஒரு கொறங்காடு கிரயம் ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

சட்டம் இரண்டையும் எப்படிப் பார்க்கிறது? 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தை அறிவிப்பது அரசு மட்டுமே. தனியார் ஒருவர் தன் நிலத்துக்கு அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளலாம், சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வாசலைத் திறந்தது. தனி ஒருவரோ ஒரு சமூகமோ தாமாக முன்வந்து தம் நிலத்தில் வனவுயிரைக் காத்தால், அரசு அதைச் சமூகக் காப்பகமாக அறிவிக்கலாம். கேரளத்தின் கடலுண்டி அப்படி அறிவிக்கப்பட்ட ஒன்று. ஆனால் அறிவித்த பிறகு மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ ஒரு ஏக்கரை விற்க வேண்டிவரலாம் என்று நினைக்கும் குடியானவர் இந்த நிபந்தனைக்குத் தலையாட்டுவாரா? தலையாட்டாததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. கொறங்காட்டுக்குத் தேவை தடை அல்ல, வருமானம். புல்வெளியாகவே வைத்திருக்கும் ஆண்டுகளுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுக்கலாம். உயிர்வேலியைப் புதுப்பிக்கப் போத்தும் கூலியும் கொடுக்கலாம். நாட்டுமாட்டுப் பாலுக்கும் மேச்சேரி ஆட்டுக்கும் நல்ல விலை கிடைக்க வழிசெய்யலாம். முதலாவதாக அந்த நிலத்தைத் தரிசுக் கணக்கிலிருந்து எடுத்து மேய்ச்சல் நிலம் என்று எழுதலாம். இதில் எதற்கும் யாருடைய பட்டாவிலும் கைவைக்க வேண்டியதில்லை.

அரசு பறவைகளைப் பற்றி அக்கறை இல்லாமல் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நஞ்சராயன் குளம் 2022இல் தமிழகத்தின் பதினேழாவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் தலமானது. வெள்ளோடு 2022இலேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளோட்டைச் சுற்றிய ஊர்களில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருப்பது நாடறிந்த செய்தி. நீர்ப்பறவைக்கு நமக்குக் கண் இருக்கிறது. குளம் ஊர்ச்சொத்து, கரையில் நின்றால் ஆயிரம் பறவை தெரியும். புல்வெளிப் பறவை பழுப்பு நிலத்தில் பழுப்பாக இருக்கும், அருகில் போகும்வரை தெரியாது, படலைத் திறந்து போகவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். தை மாதத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு ஆண்டுதோறும் நிறையப் பேர் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒரு பங்கு பேர் குளத்தங்கரையை விட்டுவிட்டு, கேட்டு அனுமதி பெற்று, ஒரு கொறங்காட்டுக்குள் காலை இரண்டு மணி நேரம் நடந்தால் நன்றாக இருக்கும். 1990இல் தொடங்கப்பட்டு ஆனைகட்டியில் இயங்கும் சாலிம் அலி பறவையியல் மையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கொறங்காட்டை ஆண்டு முழுவதும், பருவம் தவறாமல் பறவைக் கண்ணோடு அளக்கும் வேலைக்குக் கோவையை விடப் பொருத்தமான ஊர் இல்லை.

குருகுலத்தைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் மரங்களை அல்ல என்பது இப்போது புரிந்திருக்கும். இந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது, அதில் இன்னும் என்ன மிஞ்சியிருக்கிறது, அது திரும்பி வர எதை நிறுத்த வேண்டும் என்று கேட்ட அந்தப் பொறுமைதான் அங்கே கற்க வேண்டியது. பெரியாவில் அந்தக் கேள்விக்கு மழைக்காடு விடையாக வந்தது. காங்கயத்தில் கேட்டால் புல்லும் முள்ளும் விடையாக வரும். தொயர்காஃப் காங்கயத்தில் குடியேறியிருந்தால் பெரணியைத் தேடியிருக்க மாட்டார். கிளுவை வேலிக்குள் தலையை விட்டு ஆதண்டைக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நம்புகிறேன்.

ஆகவே நாலு ஏக்கர் வைத்திருப்பவருக்கு என் யோசனை இதுதான். போர்வெல் வேண்டாம். இருக்கும் வெள்வேலத்தையும் பனையையும் வெட்டாதீர்கள். புதிதாக நடுவதானால் ஏக்கருக்குச் சில வெள்வேலம் போதும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். கொழுக்கட்டைப் புல் அற்றுப்போயிருந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து விதை கேட்டு வாங்கி, மழைக்கு முன் கொள்ளோடு சேர்த்து விதையுங்கள். கம்பிவேலிக்குப் பதில் கிளுவைப் போத்து நடுங்கள். கம்பி ஏற்கெனவே இருந்தால் அதை ஒட்டியே நடலாம், வேலி எழும்பிய பிறகு கம்பியைக் கழற்றிக்கொள்ளலாம். புரட்டாசியில் படலைச் சாத்தினால் தை வரை திறக்காதீர்கள். பூனைப்பருந்து இருக்கும் மாதங்களில் பாதியாவது புல் உயர்ந்து நிற்கட்டும். பிறகு மாட்டை விடுங்கள். சொந்த மாடு இல்லையென்றால் பக்கத்தில் மாடும் ஆடும் வைத்திருப்பவருக்கு மேய்ச்சல் குத்தகைக்குக் கொடுங்கள்; அவர் பிழைப்பும் நடக்கும், நிலமும் மண்டிப்போகாது. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் இதே எண்ணத்தில் இருந்தால் மேய்ச்சலைச் சேர்ந்தே சுழற்றலாம். துண்டான காடு மறுபடி ஒன்றாகும். மரக்காடு வைக்க ஒதுக்கிய பணத்தில் இதற்கெல்லாம் ஆகும் செலவு சிறு பங்குதான். மீதியில் ஒரு ஜோடி காங்கயம் கிடாரி வாங்கலாம்.